பாட்டு ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது

(தங்கவயலில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க மேடையில் வீட்டுப் பட்டாவைப் பற்றிப் பேசலாம். மூடிய சுரங்கத்தின் பாக்கிப் பணத்தைப் பற்றிப் பேசலாம். செல்போனில் பிள்ளைகள் பார்க்கும் வீடியோப் பாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. ஆனால் பாடுவதும் உழைப்புத்தான். உழைப்பு என்று ஒன்று இருந்தால் கூலி என்று ஒன்று உண்டு. கூலி இருக்கிற இடத்தில் கூலித் திருட்டும் உண்டு. அங்கே சங்கத்துக்கு வேலை இருக்கிறது. இன்று நம் லைன் வீடுகளில் பிறந்த பையன்களும் பெண்களும் பாட்டு எழுதுகிறார்கள், சயனைட் மேட்டில் ஏறி நின்று படம் பிடிக்கிறார்கள், உலகத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் நாளைக்கு யாரிடம் போய் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்பது நம் கவலையாக இருக்க வேண்டாமா?

பாடகர் என்றால் குரல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சந்தையில் விலை போவது குரல் மட்டுமல்ல. குரலோடு ஒட்டவைத்த ஒரு தோற்றமும் சேர்ந்துதான் விலை போகிறது. அதைத்தான் பிம்பம் என்கிறார்கள். இது யூடியூப் வந்த பிறகு முளைத்த வித்தையும் அல்ல. கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார். ஆண் நடிகர்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அந்த உறுதி உண்மையான துக்கத்தில் பிறந்தது. ஆனால் 1935-இல் 'பக்த நந்தனார்' படம் எடுத்தவர்கள், அந்தக் குரலுக்கும் அந்தத் தோற்றத்துக்கும் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து அவரை நந்தனாராகவே நடிக்கவைத்தார்கள். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அதே ஆண்டில் இங்கே சுரங்கத்துக்குள் இறங்கிய நம் தாத்தாக்கள் எத்தனை தலைமுறை இறங்கினால் அந்தத் தொகையைத் தொட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். துக்கத்துக்கும் சந்தையில் விலை வைக்க முடியும் என்பதற்காகச் சொன்னேன். அம்மையாரைக் குறை சொல்வதற்காக அல்ல.

அடுத்து நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். திரையில் வாயசைத்தவர் எம்.ஜி.ஆர். பாட்டு யாருடையது என்று தெருவில் யாரையாவது கேட்டால் எம்.ஜி.ஆர். பாட்டு என்றுதான் சொல்வார்கள். 'படகோட்டி' 1964-இல் வந்தது, 'விவசாயி' 1967-இல், 'ரிக்‌ஷாக்காரன்' 1971-இல். மீனவனாக, உழவனாக, ரிக்‌ஷா இழுப்பவனாக அவர் பாட்டுப் பாட, அந்தத் தொழில்களைச் செய்த கோடிக்கணக்கான பேர் தங்கள் முகத்தை அவர் முகத்தில் பார்த்துக்கொண்டார்கள். எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் 29 வயதிலேயே இறந்துபோனார். அவர் பாட்டுகளில் இருந்த பாட்டாளியின் கோபம், வாயசைத்தவரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஒரே பாட்டு, எழுதியவர் ஒருவர், மெட்டமைத்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர், வாத்தியம் வாசித்தவர்கள் ஐம்பது பேர். பிம்பம் மட்டும் ஒருவருக்கு. தமிழ்நாட்டின் ஆட்சியே அந்தப் பிம்பத்தின் மேல் ஏறி 1977-இல் கைமாறியது என்றால், பாட்டுக் காட்சியின் பலம் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'யோடு வந்தபோதுதான் பாட்டுக்குப் பின்னால் இருக்கும் இசையமைப்பாளரின் முகம் சுவரொட்டியில் நாயகனுக்குச் சமமாக ஏறத் தொடங்கியது. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடி வளர்ந்தவர் அவர். பின்னாளில் நம் மனதில் பதிந்ததோ வெள்ளை வேட்டி சட்டையில் இருக்கும் ஒரு துறவியின் உருவம். மேடையில் ஆர்மோனியம் தூக்கிய அந்த இளைஞன் எங்கே போனான் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அது போகட்டும்.

வெளிநாட்டில் 1981-இல் எம்.டி.வி. என்ற தொலைக்காட்சி தொடங்கியபின் திரைப்படம் இல்லாமலே பாட்டுக்கு மட்டும் படம் எடுப்பது ஒரு பெருந்தொழில் ஆயிற்று. நம்மிடம் அது பெரிய அளவில் வந்து சேர்ந்தது ஏ.ஆர். ரஹ்மானின் 'வந்தே மாதரம்' மூலம், 1997-இல், சுதந்திரத்தின் பொன்விழா ஆண்டில். அதுவரை படச்சுருளுக்குப் பின்னால் ஒதுங்கி இருந்த கூச்சக்கார இளைஞர், பாரத்பாலாவின் படப்பிடிப்பில் திறந்த வெளியில் கொடிகளுக்கு நடுவே நின்று பாடினார். அன்றோடு அவர் சென்னை இசையமைப்பாளர் என்ற எல்லையைத் தாண்டி நாட்டின் பாடகர் ஆகிவிட்டார். பிறகு 2011 நவம்பரில் தனுஷ் பாடிய 'கொலவெறி' வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் நான்கு பேர் சிரித்துப் பேசிக்கொண்டே பாடுவது போன்ற காட்சி. ஆடை அலங்காரம் இல்லை, ஆட்டக்காரர் கூட்டம் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் சும்மா பாடிப் போட்டதுபோல் இருந்தது. அதை வெளியிட்டது உலகத்தின் மிகப் பெரிய இசைக் கம்பெனிகளில் ஒன்று, ஒரு சினிமாவை விற்பதற்காக. எளிமையாகத் தெரிவதும் ஒரு வேஷம்தான். அதற்கும் யோசனை செய்ய ஆள் உண்டு, சம்பளம் உண்டு.

இளைஞர்கள் இதைக் கவனித்துக் கொள்ளுங்கள். பாடகரைக் கூடத்துக்குள் காட்டினால் அவர் நமக்கு நெருங்கினவர் ஆகிறார். பாலைவனத்திலோ மலை உச்சியிலோ தனியாக நிறுத்தினால் பெரியவர் ஆகிறார். ஏழைகள் கூட்டத்தின் நடுவே நிறுத்தினால் தலைவர் ஆகிறார். இதில் மூன்றாவது வகைதான் நமக்கு ஆபத்தானது. ஏனென்றால் அந்தக் கூட்டம் நாம்.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாட்டு வெளிவந்தது. இந்த ஊரில் அதைக் கேட்காத வீடு இருக்க முடியாது. கல்யாணத்தில் போட்டார்கள், திருவிழாவில் போட்டார்கள், மொழி தெரியாத வடநாட்டுப் பிள்ளைகளும் ஆடினார்கள். 'மாஜா' என்ற நிறுவனம் வெளியிட்டது. அதற்குத் துணை நின்றவர் ஏ.ஆர். ரஹ்மான். பாடியவர்கள் தீ என்ற பாடகியும் அறிவு என்ற இளைஞரும். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். காட்சியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன்.

அறிவு யார்? அரக்கோணத்துப் பிள்ளை. பழைய வட ஆற்காடு மாவட்டம். இந்த மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற குடும்பங்களில் பாதிப் பேருக்குப் பூர்வீகம் கேட்டால் குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர், அரக்கோணம் என்று அதே வட ஆற்காட்டைத்தான் சொல்வீர்கள். பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் துரத்தியபோது அந்த மாவட்டத்து மக்கள் கிழக்கே போய்க் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். மேற்கே வந்து இந்தத் தங்கச் சுரங்கத்தில் இறங்கினார்கள். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழி வந்தவர். காடாக இருந்த மலையைத் திருத்தித் தோட்டமாக்கிய மக்களை, 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டுப் பங்கு போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். சந்தையில் மாட்டைப் பிரிப்பதுகூட இதைவிட விசாரித்துத்தான் நடக்கும். அப்படித் திரும்பி வந்த ஒரு பாட்டி, பேரனுக்குச் சொன்ன கதைதான் அந்தப் பாட்டின் வேர். நிலத்தைத் திருத்தியது நாம், நிலம் நம்முடையதாக ஆகவில்லை. தங்கவயலில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கவுரை வேண்டாம்.

ஒப்பாரியின் சாயல் கொண்ட பாட்டு அது. நம் தாய்மார்கள் இழவு வீட்டில் பாடுவது. அந்த ஒப்பாரியைக் கொண்டாட்டத்தோடு சேர்த்துப் பின்னினார்கள். காட்சியில் மண்ணும் மரமும் பளிச்சென்ற நிறங்களும் கூட்டம் கூட்டமாக ஆடுபவர்களும் வருகிறார்கள். அந்தப் பாட்டியும் வருகிறார். கூலிக்காரக் கிழவி என்று இரக்கப்பட வைக்காமல், ஒரு வீட்டுக்குத் தலைவி எப்படி இருப்பாரோ அப்படி அவரைக் காட்டியிருக்கிறார்கள். நான் பார்த்த வீடியோப் பாட்டுகளில் ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து வேறொன்றைப் பார்த்ததில்லை. இதைச் செய்தவர்களுக்கு அந்தப் பாராட்டு சேரவேண்டும்.

அதே காட்சியின் தலைப்பைப் பாருங்கள். முதலில் தீ. பிறகு 'உடன்' என்று பொருள்படும் இரண்டே எழுத்து ஆங்கிலச் சுருக்கம். அதற்குப் பின்னால் அறிவு. பாட்டின் பெயருக்குப் பிறகு, தயாரிப்பு சந்தோஷ் நாராயணன் என்று அடைப்புக்குள். இசைக் கம்பெனிகளின் வழக்கம் இது என்பார்கள். இருக்கலாம். ஆனால் அந்த இரண்டெழுத்துக்குள் ஒரு பெரிய கணக்கே ஒளிந்திருக்கிறது. யார் பாட்டின் சொந்தக்காரர், யார் கூட வந்தவர் என்று அது கேட்பவர் மனதில் எழுதிவிடுகிறது.

ஐந்து மாதம் கழித்து அது வெளிப்பட்டது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' என்ற இசைப் பத்திரிகை அட்டையில் இரண்டு முகங்களைப் போட்டது. ஒன்று தீ, இன்னொன்று கனடாவில் வாழும் ஈழத்தமிழ்ப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால். 'என்ஜாய் எஞ்சாமி', 'சார்பட்டா பரம்பரை' படத்தின் 'நீயே ஒளி' ஆகிய இரண்டு பாட்டுகளின் புகழும் அந்தக் கட்டுரையில் பேசப்பட்டது. இரண்டு பாட்டிலும் எழுத்து அறிவினுடையது. அட்டையில் அறிவு இல்லை. அதே சமயத்தில் டி.ஜே. ஸ்னேக் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த மறு வடிவத்துக்காக நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை எழுந்தது. அதிலும் அறிவின் முகம் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார். அந்த அட்டை வரப்போகும் வேறு இசைத் தொகுப்புகளுக்கானது என்று பத்திரிகை விளக்கம் சொன்னது. ஊர் முழுக்கச் சத்தம் எழுந்தபின் அறிவை வைத்து இணையத்தில் தனியாக ஓர் அட்டை வெளியிட்டார்கள். கேட்டுத்தான் கிடைத்தது.

2022 ஜூலை 28-ஆம் நாள் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதலமைச்சரும் அமர்ந்திருந்த மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். நான்கு நாளில் அவர் தன் மனக்குறையை எழுதி வெளியிட்டார். தானே எழுதி, மெட்டமைத்து, பாடி, நடித்ததாகவும், இந்தக் கதை தன் முன்னோரின் கதை என்றும் சொன்னார். சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார்: இது கூட்டு முயற்சி, மெட்டிலும் அமைப்பிலும் எங்கள் பங்கு பெரியது, அறிவுக்கு உரிய இடத்தை நாங்கள் மறுத்ததில்லை என்று. தீயும் தான் ஒவ்வொரு மேடையிலும் அறிவின் பெருமையைச் சொல்லியே வந்ததாக எழுதினார்.

தோழர்களே, நான் இங்கே நீதிபதியாக உட்காரவில்லை. மெட்டு எவ்வளவு ஒருவருடையது, ஓசை எவ்வளவு இன்னொருவருடையது என்று அளக்க நம்மிடம் தராசு இல்லை. சந்தோஷ் நாராயணனின் வாத்தியக் கட்டு இல்லாவிட்டால் அந்தப் பாட்டு இத்தனை தூரம் போயிருக்காது. தீயின் குரல் அதற்கு ஒரு சிறகு. இதையெல்லாம் மறுத்தால் நாமும் அதே தவற்றைச் செய்கிறவர்கள் ஆவோம். அவர்கள் எதிரிகள் அல்லர், அவர்களும் உழைத்தவர்கள். என் கேள்வி வேறு. பாட்டு நிலத்தில் இருந்தவரை எல்லா முகமும் இருந்தது. அது பத்திரிகை அட்டைக்கு ஏறியபோது, டைம்ஸ் சதுக்கத்துக்கு ஏறியபோது, அரசு மேடைக்கு ஏறியபோது, ஒவ்வொரு படியிலும் உதிர்ந்தது ஏன் அதே ஒரு முகமாக இருந்தது? ஒரு முறை என்றால் தவறுதல் என்று விடலாம். மூன்று முறையும் அதே ஆள் தவறிப்போனால் படிக்கட்டையே சந்தேகப்பட வேண்டும்.

கதையின் கடைசிப் பகுதியையும் கேளுங்கள். 2024 மார்ச்சில், பாட்டு வெளிவந்து மூன்று ஆண்டு நிறைந்தபோது, சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில் பேசினார். இத்தனை கோடிப் பேர் பார்த்த அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் என்று ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை என்றார். நிறுவனம் தன் தரப்பில் வேறு விளக்கம் கொடுத்தது. எது எப்படியோ, முகத்துக்காகச் சண்டை போட்ட மூன்று பேரும் கூலி விஷயத்தில் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. இதை முதல் நாளே ஒன்றாக உட்கார்ந்து பேசியிருந்தால்! சங்கம் என்றால் என்ன என்று இதைவிட வேறு எப்படிச் சொல்வது?

சரி, தன் பிம்பத்தைத் தானே செய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். அப்படிச் செய்தவரும் நம்மவரில் உண்டு. மாதங்கி அருள்பிரகாசம் என்ற இயற்பெயர் கொண்ட எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, அகதியாகத் திரும்பிப்போனவர். 2004-இல் வந்த 'சன்ஷவர்ஸ்' பாட்டுக்குத் தென்னிந்தியக் காட்டில் படம் எடுத்தார்கள். அதில் பாலஸ்தீன இயக்கத்தின் பெயர் வருகிறது என்பதற்காக எம்.டி.வி. அதை அப்படியே ஒளிபரப்ப மறுத்தது. 2015-இல் 'பார்டர்ஸ்' என்ற பாட்டுக்கு அவரே இயக்குநர். முள்வேலியில் ஏறும் இளைஞர்கள், படகில் நெருக்கியடித்து நிற்பவர்கள், நடுவில் அவர். ஐரோப்பாக் கடலில் அகதிகள் மூழ்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. துணிச்சலான படம், எனக்குப் பிடித்த படம். இருந்தும் ஒன்று உறுத்துகிறது. வேலியில் ஏறிய அத்தனை பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? நம் பிள்ளையே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தாலும் கூட்டம் கூட்டமாகவே நின்றுவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு முயற்சி 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 2018 ஜனவரி 6-இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சாதியில்லாத தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லிலிருந்து. பண்டிதரின் எழுத்துகளை அச்சிட்டுக் காப்பாற்றியது எந்த ஊர்? சாம்பியன் ரீப் சித்தார்த்தா புத்தகசாலையைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்வார்கள். சுரங்கத் தொழிலாளியின் காசில் ஓடிய அச்சுக்கூடம் அது. ஆக அந்தக் குழுவின் பெயரிலேயே நம் தங்கவயலின் பங்கு இருக்கிறது.

அவர்கள் செய்த முதல் காரியம் உடுப்பை மாற்றியதுதான். கானாப் பாட்டு என்றால் சினிமா என்ன காட்டியது? மடித்துக் கட்டிய லுங்கி, குடி, சாவு வீடு, ரவுடி. அதே கானாக்காரர்கள், அதே வடசென்னைப் பிள்ளைகள், கோட்டும் சூட்டும் அணிந்து வரிசையாக நின்று பறையோடும் கிதாரோடும் பாடினார்கள். கோட்டும் சூட்டும் நமக்கு வெள்ளைக்கார வேஷம் அல்ல. நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கும் படத்தில் அண்ணல் என்ன உடுத்தியிருக்கிறார் என்று பார்த்தால் போதும். ஒருவர் முகத்தை மட்டும் தூக்காமல் குழுவையே முகமாக்கினார்கள். அதிலிருந்து இசைவாணி என்ற பெண் ஆண்களே ஆண்டுவந்த கானாவில் தன் பெயரை நிறுத்தினார், பி.பி.சி. 2020-இல் உலகின் நூறு பெண்களில் ஒருவராக அவரைச் சேர்த்தது. அறிவும் இந்தக் குழுவில் வளர்ந்தவர்தான்.

இன்னும் ஒரு பாட்டைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பிழைப்போடு சம்பந்தப்பட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நம் சுரங்கத்தை மூடினார்கள். அதற்கு அடுத்த வாரங்களில், மார்ச் மாதத்தில், கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் காய்ச்சல்மானித் தொழிற்சாலையும் மூடப்பட்டது. உடைந்த கண்ணாடியோடு பாதரசக் கழிவு பழைய இரும்புக் கடைக்குப் போனது பிடிபட்டதால் மூடினார்கள். பாதரச ஆவியை மூச்சில் இழுத்த தொழிலாளர்கள் பதினான்கு ஆண்டுகள் வழக்குப் போட்டு, மனுக் கொடுத்து, ஊர்வலம் போய் அலைந்தார்கள். பத்திரிகைகளில் எட்டாம் பக்கத்துச் செய்தி. 2015 ஜூலை கடைசியில் சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண், ஒரு பிரபல அமெரிக்கப் பாட்டின் மெட்டை எடுத்து, அந்தக் கம்பெனியை நேராகப் பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு பாட்டைப் பாடி வெளியிட்டார். சில நாளில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த அமெரிக்கப் பாடகியே அதைப் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு செய்துகொண்டது.

பாட்டு ஜெயித்தது என்று சொல்லிவிடக் கூடாது. பதினான்கு ஆண்டு வழக்கை நடத்தியவர்கள் தொழிலாளர்கள். சங்கம் கட்டிவைத்திருந்த விறகில் பாட்டு நெருப்பு வைத்தது. விறகு இல்லாத இடத்தில் பாட்டு வெறும் தீக்குச்சி. ஆனாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. அந்தப் பெண் தன்னை விற்பதற்காக அந்தத் தொழிலாளர்களைப் பின்னால் நிறுத்தவில்லை. அவர்கள் வழக்கை முன்னால் நிறுத்தினார். டி.எம். கிருஷ்ணா 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்தில் போய், சாம்பலும் புகையும் சூழ உட்கார்ந்து 'புறம்போக்கு' பாட்டைக் கர்நாடக ராகங்களில் பாடியதும் அந்த வகைதான். சபா மேடையில் பட்டு வேட்டியோடு உட்காரும் ஒரு வித்துவான், முகமூடி மாட்டிக்கொண்டு அனல் மின் நிலையத்தின் காலடியில் உட்கார்ந்தால் அவருடைய பிம்பத்துக்குச் சேதம்தான். அந்தச் சேதத்தை அவர் ஏற்றுக்கொண்டார்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2018 டிசம்பரில் 'கே.ஜி.எப்.' என்ற படம் வந்தது, 2022 ஏப்ரலில் அதன் இரண்டாம் பாகம். நம் சயனைட் மேட்டிலும் படப்பிடிப்பு நடந்தது. கதை கற்பனை என்று போட்டுவிட்டார்கள், சரி. ஆனால் இந்தியா முழுவதும் நம் ஊரைப் பற்றிப் பதிந்த பிம்பம் எது? கரி பூசிய முகங்களோடு, சங்கிலியில் கட்டிய அடிமைக் கூட்டம். அவர்களைக் காப்பாற்ற வெளியிலிருந்து வரும் ஒரு தாடிக்கார வீரன். அவன் புகழைக் கும்பலாகப் பாடும் பாட்டு. வெளியூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் அந்த ஊரா நீ என்று சினிமாவை வைத்துத்தான் கேட்கிறார்கள்.

1930-இல் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, நாங்கள் குற்றவாளிகளா என்று கேட்டு ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. எந்த வீரனும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கி, நூற்றியிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்கள். பள்ளிக்கூடம் நடத்தியவர்கள், பௌத்த சங்கம் வைத்தவர்கள், அச்சுக்கூடம் வைத்தவர்கள். 2024-இல் 'தங்கலான்' வந்தபோது, வட ஆற்காட்டிலிருந்து வந்த நம் முன்னோரைத் திரையில் மனிதர்களாகப் பார்த்தோம். அதற்காக மகிழ்ந்தோம். அதிலும் முழுச் சுவரொட்டியையும் நிறைத்தது ஒரு நட்சத்திரத்தின் முகம்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆகவே பாட்டுக் கட்டும் நம் பிள்ளைகளுக்கு நடைமுறையாகச் சில சொல்லவேண்டும். காப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தினார்கள். சினிமாப் பாட்டாக இருந்தாலும், தனிப் பாட்டாக இருந்தாலும், எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்களுக்கு வரவேண்டிய உரிமைத்தொகையின் பங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. விட்டுவிட்டேன் என்று கையெழுத்து வாங்கினாலும் அது செல்லாது. பாடுகிறவருக்கும் தனியாக உரிமை உண்டு. ஐ.பி.ஆர்.எஸ். என்று 1969 முதல் இருக்கும் சங்கத்தில் எழுதுபவரும் இசையமைப்பவரும் உறுப்பினராகலாம். பாடகர்களுக்கும் 2013 முதல் தனிச் சங்கம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல், வீடியோ எடுத்துத் தருகிறேன், லட்சம் பேர் பார்ப்பார்கள் என்று எவராவது ஆங்கிலத்தில் அச்சடித்த ஆறு பக்கக் காகிதத்தை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். சங்க அலுவலகத்தில் படித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார், யார் பறை அடித்தார் என்று பாட்டு வெளிவருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லாரும் ஒப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் இது எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். புகழ் வருகிறவரை எல்லாரும் நண்பர்கள்தான்.

உங்கள் படத்தில் பக்கத்து லைன் ஆயாவை உட்கார வைத்தால், அவர் பெயரைப் போடுங்கள். அவர் பாடிய தாலாட்டிலிருந்து இரண்டு அடி எடுத்தால் அதையும் சொல்லுங்கள், கையில் ஏதாவது கொடுங்கள். கம்பெனிக்காரன் நமக்குச் செய்கிறதை நாம் நம் கிழவிகளுக்குச் செய்தால் பேச வாயிருக்காது.

இந்த மாதத்திலிருந்து ஒரு வேலையைத் தொடங்கலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், உரிகம், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை லைன்களில் எழுபது வயதுக்கு மேற்பட்ட தாய்மார்கள் பாடும் ஒப்பாரி, தாலாட்டு, சுரங்கப் பாட்டு எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்ய வேண்டும். பாடுகிறவர் பெயர், பூர்வீக ஊர், எந்த ஷாப்ட்டில் வேலை செய்த குடும்பம், பதிவு செய்த தேதி, இவற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். நோட்டுப் புத்தகம் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். விருப்பமுள்ள இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாம்பியன் ரீப்பில் தொடங்குகிறோம்.